பிள்ளைகளின் நடைக்குத் தக்க பிரயாணம்

(நாமே கார் ஓட்டி மலேசியாவைக் காண விரும்பும் குடும்பங்களுக்கு)



மும்பை, புனே, பெங்களூரு, டெல்லி முதலான நகரங்களில் குடியேறி வாழும் நம் தமிழ்க் குடும்பங்களுக்கு விடுமுறை என்ற சொல் வெகுகாலம் ஒரே பொருளைத்தான் தந்தது. பள்ளித் தேர்வு முடிந்த மறுநாள் பெட்டிகளோடும் புளிச்சாதப் பொட்டலங்களோடும் ரயில் ஏறுவோம். நெல்லையிலோ நாகர்கோவிலிலோ இறங்கி, ஒரு மாதம் தாத்தா பாட்டியின் வீட்டில் தங்கித் திரும்புவோம். அந்த வழக்கம் மறைந்துவிடவில்லை, மறையவும் கூடாது. ஆகிலும், நகரத்திலேயே பிறந்து வளர்ந்து நல்ல வேலைகளில் அமர்ந்திருக்கிற நம் பிள்ளைகளிடத்தில் வேறொரு ஆசையும் எழும்பியிருக்கிறது. பெற்றோரையும் குழந்தைகளையும் அழைத்துக்கொண்டு வெளிநாடு ஒன்றைக் காண வேண்டும். அதுவும் சுற்றுலாப் பேருந்தில் கொடி பிடித்தவர் பின்னால் ஓடாமல், வாடகைக்கு ஒரு கார் எடுத்து நாமே ஓட்டிச் செல்ல வேண்டும் என்பதே அந்த ஆசை.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வாரம் முழுவதும் தகப்பன் மின்சார ரயிலிலும், தாய் அலுவலகத்திலும், பிள்ளைகள் டியூஷனிலும், பெரியவர்கள் பத்தாவது மாடியில் பூட்டிய கதவுக்குப் பின்னாலும் தனித்தனியே நாட்களைக் கழிக்கிறோம். எட்டு நாட்கள் ஒரே காருக்குள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு போவது நல்ல காரியமே. ஆனால் அது நன்மையாய் முடிவதும் கசப்பாய் முடிவதும், ஏன், சில வேளைகளில் உயிருக்கே ஆபத்தாய் முடிவதும், புறப்படுமுன் வீட்டு மேசையின்மேல் போடப்படுகிற திட்டத்தைப் பொறுத்தது.

ஏன் மலேசியா?

முதன்முறையாக வெளிநாட்டில் கார் ஓட்ட நினைக்கிற இந்தியக் குடும்பத்திற்குத் தீபகற்ப மலேசியா ஏற்ற இடம். நம் நாட்டைப்போலவே அங்கும் வாகனங்கள் சாலையின் இடப்புறமாகச் செல்கின்றன. ஸ்டீயரிங் வலப்புறத்தில் இருக்கிறது. வடக்கே தாய்லாந்து எல்லையிலிருந்து தெற்கே ஜொகூர் பாரு வரை செல்லும் வடக்கு-தெற்கு விரைவுச்சாலை 1994ஆம் ஆண்டில் முழுமை பெற்றது. அதன் நீளம் 770 கிலோமீட்டருக்கு மேல். மும்பை-புனே விரைவுச்சாலையில் ஓட்டிப் பழகியவருக்கு அது அந்நியமாய்த் தோன்றாது.

மலேசியாவின் பெயர்ப்பலகைகள் ஆங்கில எழுத்துக்களில் இருக்கின்றன. கார் வானொலியைத் திருப்பினால் அரசு வானொலியான மின்னல் எப்எம் தமிழில் பேசும். கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியிலும், ஈப்போவிலும், பினாங்கிலும் வாழையிலைச் சாப்பாடும் தோசையும் கிடைக்கும். கடைப்பலகையில் ‘கெடாய்’ என்று எழுதியிருப்பதைக் கண்டு பிள்ளைகள் கேட்டால், அது நம்முடைய ‘கடை’ என்ற சொல்தான் என்று சொல்லுங்கள். கடல் வாணிபத்தோடு நம் தமிழ்ச் சொற்களும் கப்பலேறிப் போயிருக்கின்றன.

ஒரு குடும்பத்தின் திட்டம்

சில காலத்துக்குமுன் மும்பையில் நமக்கு அறிமுகமான ஒரு குடும்பத்தார் தங்கள் பிரயாணத்திற்காக ஜெபிக்கும்படி கேட்டுக்கொண்டார்கள். கணவன், மனைவி, பத்து வயது மகன், நான்கு வயது மகள், கணவனின் தாயார் என ஐந்து பேர். கிறிஸ்துமஸ் விடுமுறையில் எட்டு நாட்கள். அந்தச் சகோதரன் கணினியில் அழகாக அச்சிட்டுக் கொண்டுவந்த திட்டத்தை என்னிடம் காட்டினார். அதிகாலையில் கோலாலம்பூரில் இறங்கியதும் காரை எடுத்து நேரே பினாங்கு. அங்கிருந்து மலைகளைக் கடந்து கிழக்குக் கரையில் கோத்தா பாரு. பின்பு கோலத் திரெங்கானு, குவாந்தான். இடையில் கேமரன் மலை. அதன்பின் மலாக்கா, சிங்கப்பூர். கடைசி நாளில் மறுபடியும் கோலாலம்பூர். கூட்டிப்பார்த்தால் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர்.

“மறுபடியும் எப்போது போகப்போகிறோம் பாஸ்டர்? போகிறபோதே எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும்” என்றார் அவர். அவருடைய மனைவி மெதுவாய்ச் சொன்னார்: “அத்தை வரவில்லை என்கிறார்கள் பாஸ்டர். முழங்கால் வலியோடும் சர்க்கரையோடும் உங்களுக்குப் பாரமாய் இருக்கமாட்டேன், என்னை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள் என்று அழுகிறார்கள்.” வயதான தாய்க்கு மகிழ்ச்சி தரவேண்டிய பிரயாணம், அவர் வீட்டில் தங்கிவிடுவதே மேல் என்று நினைக்கும்படி செய்துவிட்டது. அவரைத் தடுத்தது முழங்காலைக் காட்டிலும் அந்தத் திட்டம்தான்.

ஆதியாகமத்தில் ஏசா தன் தம்பி யாக்கோபைச் சேர்ந்து போக அழைக்கிற இடத்தை நான் அவர்களுக்கு நினைப்பூட்டினேன். ஏசா நானூறு ஆண்களோடு வந்தவன், விரைந்து போகக்கூடியவன். யாக்கோபோ, தன்னோடிருந்த சிறுபிள்ளைகளையும் பால்கொடுக்கிற கால்நடைகளையும் எண்ணிப்பார்த்தான். ஒருநாள் அதிகமாய் ஓட்டினாலும் அவை தாங்கமாட்டா என்று சொல்லி, அவற்றின் நடைக்குத் தக்கபடியே வந்து சேருகிறேன் என்று அண்ணனை முன்னே அனுப்பிவிட்டான். குடும்பப் பிரயாணத்திற்கு இதைவிடச் சிறந்த விதி ஒன்றை நான் அறியேன். காரின் வேகத்தையோ ஓட்டுகிறவரின் பலத்தையோ கொண்டு திட்டமிடாமல், காருக்குள் இருக்கிறவர்களில் மிகவும் பலவீனமானவர் யாரோ அவரைக் கொண்டே திட்டமிட வேண்டும். அதன்பின் நாங்கள் வரைபடத்தை விரித்து மறுபடியும் தொடக்கத்திலிருந்து யோசித்தோம். அவற்றையே இங்கே ஒழுங்காய்த் தருகிறேன்.

1. மாதமே முதல் தீர்மானம்

நாம் விடுமுறையை வைத்து மாதத்தைத் தீர்மானிக்கிறோம். மாதமோ எந்தக் கரைக்குப் போகலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. மலேசியா பூமத்தியரேகைக்கு அருகிலுள்ள வெப்பமண்டல நாடு. அங்கே குளிர்காலமும் கோடைகாலமும் இல்லை. மழை அதிகமான மாதங்களும் குறைவான மாதங்களும்தான் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரையைத் தாக்குகிறது. கிளந்தான், திரெங்கானு, பகாங் மாநிலங்களில் அந்நாட்களில் வெள்ளம் ஏற்படுவது வழக்கம். பெர்ஹெந்தியான், ரெடாங் போன்ற தீவுகளின் விடுதிகளில் பெரும்பாலானவை அப்போது மூடப்பட்டிருக்கும். ஆகவே கிறிஸ்துமஸ் விடுமுறையில் போகிறவர்கள் கிழக்குக் கரையை விட்டுவிட்டு, மலைத்தொடரால் ஓரளவு மறைக்கப்பட்ட மேற்குக் கரையில் தங்குவது நல்லது. கோடை விடுமுறையில், அதாவது ஏப்ரல், மே மாதங்களில் போகிறவர்களுக்குக் கிழக்குக் கரை அமைதியாய் இருக்கும். மேற்கிலோ பிற்பகல் இடிமழையை எதிர்பார்க்க வேண்டும்.

இந்த ஒரே காரணத்தால் அந்தக் குடும்பத்தின் திட்டத்தில் பாதித் தூரம் கழிந்துபோயிற்று. சிங்கப்பூரும் கழிந்தது, அதற்கு இந்தியருக்குத் தனி விசா வேண்டும், வாடகைக் காரை எல்லை கடத்திக்கொண்டுபோக நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும்.

நோன்புப் பெருநாள், சீனப் புத்தாண்டு ஆகிய நாட்களையும் நாட்காட்டியில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்நாட்களில் நகரத்தார் எல்லாரும் சொந்த ஊருக்குத் திரும்புவதால் விரைவுச்சாலையில் வாகனங்கள் ஊர்ந்துதான் செல்லும். சொந்த ஊருக்குப் போகும் கூட்டம் எப்படிப்பட்டது என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

2. கிலோமீட்டரை அல்ல, மணி நேரத்தை எண்ணுங்கள்

விரைவுச்சாலையில் அனுமதிக்கப்பட்ட உச்சவேகம் பெரும்பாலும் மணிக்கு 110 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து ஈப்போ ஏறத்தாழ 205 கிலோமீட்டர். இரண்டே மணி நேரம் என்று கணக்குப் போடத் தோன்றும். ஆனால் நான்கு வயதுக் குழந்தை இரண்டு மணி நேரம் இறங்காமல் உட்காராது. சர்க்கரை நோயுள்ள தாயார் கழிப்பறைக்குப் போக வேண்டும்; வேளை தவறாமல் உண்ணவும் வேண்டும். முழங்கால் வலியுள்ளவர் மணிக்கொருமுறை எழுந்து நான்கு அடி நடந்தால்தான் கால் மடங்கும். ஆகவே அதை நான்கு மணி நேரப் பிரயாணமாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

இதற்கு அந்தச் சாலையிலேயே நல்ல ஏற்பாடு உண்டு. ‘ரெஹாட் டான் ராவாட்’ என்று பெயரிடப்பட்ட ஓய்விடங்கள் வழிநெடுக இருக்கின்றன. ‘ஆர் அண்ட் ஆர்’ என்றே எல்லாரும் அழைக்கிறார்கள். கழிப்பறை, உணவுக்கடைகள், பழக்கடைகள், நிழலான இருக்கைகள், பெரும்பாலான இடங்களில் பெட்ரோல் நிலையம் ஆகியவை அங்கே இருக்கும். அவசரம் இல்லாமல் விரைவுச்சாலையின் ஓரத்தில் காரை நிறுத்துவது குற்றம். ஓய்விடங்களில் மட்டுமே இறங்குங்கள். இயலுமானால் ஒருநாளில் மூன்று, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டாம். ஒருநாள் ஓட்டினால் மறுநாள் அந்த ஊரிலேயே தங்குங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். மலேசியாவின் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னே செல்கிறது. ஆனால் அங்கே சூரியன் உதிப்பதே காலை ஏழு மணியளவில்தான்; அஸ்தமிப்பதும் மாலை ஏழைத் தாண்டித்தான். ஐந்து மணிக்கு எழுந்து புறப்படுகிற நம் ஊர் வழக்கப்படி கிளம்பினால், இரண்டு மணி நேரம் இருட்டில் ஓட்டுவீர்கள். காலை எட்டு மணிக்குப் புறப்பட்டு, பிற்பகல் மழை தொடங்குமுன் இரண்டு மணிக்குள் விடுதியைச் சேர்வதே வெப்பமண்டலத்துக்கு ஏற்ற ஒழுங்கு.

3. இறங்கிய நாளில் காரைத் தொடாதீர்கள்

நான் மிகவும் வலியுறுத்திச் சொன்ன யோசனை இதுவே. நம் நகரங்களிலிருந்து புறப்படும் விமானங்கள் பல இரவில் கிளம்பி விடியற்காலையில் கோலாலம்பூரைச் சேர்கின்றன. அங்கே காலை ஏழு மணி என்று கடிகாரம் காட்டும்போது, நம் உடலுக்கு அது நாலரை மணி. குழந்தை மடியில், பெரியவர் தோளில் என்று ஓட்டுநரும் அந்த இரவில் தூங்கியிருக்கமாட்டார். அந்நிலையில் அறியாத காரில், அறியாத சாலையில் 350 கிலோமீட்டர் தூரமுள்ள பினாங்குக்கு ஓட்டத் தொடங்குவது துணிகரம்.

மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஒரு விநாடியில் 30 மீட்டர் கடக்கிறது. கண் மூன்று விநாடி மூடினால் 90 மீட்டர் தூரம் அந்தக் காரை ஓட்டுவார் யாருமில்லை. பின்னிருக்கையில் நாம் உயிராய் நேசிக்கிறவர்கள் தூங்கிக்கொண்டிருப்பார்கள்.

ஆகவே முதல் நாள் விமான நிலையத்திலிருந்து ரயிலிலோ டாக்சியிலோ நகரத்துக்குப் போங்கள். விரைவு ரயில் ஏறத்தாழ அரை மணி நேரத்தில் கோலாலம்பூர் சென்ட்ரல் நிலையத்தில் சேர்த்துவிடும். குளித்து, உண்டு, தூங்குங்கள். மறுநாள் நகரத்தை ரயிலிலும் கால்நடையாகவும் பாருங்கள். நகரத்தின் நெரிசலுக்குள் கார் எதற்கு? மூன்றாம் நாள் காலையில், நன்றாய்த் தூங்கிய கண்களோடு காரைப் பெற்றுக்கொள்ளுங்கள். இரண்டு நாள் வாடகையும் மிச்சமாகும்.

இரவில் ஓட்டுவதையும் அறவே தவிருங்கள். வடக்கே கெரிக்கையும் ஜெலியையும் இணைக்கும் கிழக்கு-மேற்கு நெடுஞ்சாலை அடர்ந்த காட்டின் வழியாகச் செல்கிறது. யானைகள் கடக்கும் இடம் என்ற எச்சரிக்கைப் பலகைகள் அங்கே உண்டு. 2025ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், விடுமுறை முடிந்து நள்ளிரவுக்குப்பின் அவ்வழியே சென்ற பேருந்து ஒன்று கெரிக் அருகே விபத்துக்குள்ளாகி 15 பல்கலைக்கழக மாணவர்கள் மாண்டார்கள். அந்நாடு முழுவதும் துக்கங்கொண்டாடியது. அச்சகோதரனின் முதல் திட்டம் இதே சாலையில்தான் இரண்டாம் நாள் மாலையில் போவதாக இருந்தது.

4. மலைக்கு ஏற இரண்டு வழிகள்

கேமரன் மலையைக் காணாமல் திரும்ப யாருக்கும் மனம் வராது. 1885இல் அப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. தானா ராத்தா என்னும் ஊர் 1,400 மீட்டருக்கு மேலான உயரத்தில் இருப்பதால், கீழே வியர்த்து வழிந்தவர்களுக்கு அங்கே ஸ்வெட்டர் தேவைப்படும்.

மலைக்குப் போக இரண்டு பாதைகள். தாப்பாவிலிருந்து ஏறும் பழைய பாதை ஏறத்தாழ 60 கிலோமீட்டர். நெருக்கமான வளைவுகள் நிறைந்தது. தூரம் குறைவென்று வரைபடம் இதையே காட்டும். ஈப்போவுக்கு அருகே சிம்பாங் பூலாயிலிருந்து ஏறும் புதிய பாதை அகலமானது, வளைவுகளும் தாராளமானவை. காரில் வாந்தியெடுக்கிற குழந்தை இருந்தால், தயங்காமல் இரண்டாவது வழியைத் தெரிந்துகொள்ளுங்கள். முதல் நாள் ஈப்போவில் தங்கி, மறுநாள் காலையில் இலேசான உணவுக்குப்பின் மலையேறினால் இரண்டு மணி நேரத்தில் மேலே சேரலாம். இறங்கும்போது பிரேக்கை ஓயாமல் மிதிக்காமல், ஆட்டோமாட்டிக் காரானாலும் தாழ்ந்த கியரில் இறங்குங்கள். வார இறுதியிலும் உள்ளூர் விடுமுறைகளிலும் மலைச்சாலை நெரிந்து கிடக்கும். திங்கள் முதல் வியாழனுக்குள் போய்வாருங்கள்.

மலையில் 1929இல் தொடங்கப்பட்ட ‘போ’ தேயிலைத் தோட்டத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். தோட்டத்துக்குள் செல்லும் பாதை குறுகலானது. எதிரே வண்டி வந்தால் ஒதுங்கி நிற்கப் பொறுமை வேண்டும். மலாயாவின் தேயிலை, ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து கப்பலேறியவர்களே. ஈப்போவுக்குத் தெற்கே பத்து காஜா அருகில் கெல்லீஸ் கேசில் என்ற முடிக்கப்படாத மாளிகை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915இல் அதைக் கட்டத் தொடங்கினார். தென்னிந்தியத் தொழிலாளர் பலர் அதில் வேலை செய்தார்கள். கொள்ளைநோய்க் காய்ச்சலில் அவர்களில் அநேகர் மாண்டார்கள். முதலாளியும் 1926இல் லிஸ்பனில் மரித்துப்போக, மாளிகை அப்படியே நின்றுவிட்டது. பிழைப்புக்காக ஊரைவிட்டு வந்த நம்முடைய பிள்ளைகள், நமக்குமுன் அதைவிடத் தூரம் போனவர்களின் உழைப்பை அங்கே நின்று சிந்திப்பது நல்லது.

5. காகிதங்களை முந்தி ஆயத்தம் செய்யுங்கள்

இந்தியருக்கு மலேசியா 2023 டிசம்பர் முதல் 30 நாள் வரையிலான விசா இல்லாத வருகையை அனுமதித்தது. அந்தச் சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. சீட்டு வாங்குமுன் அப்போதைய நிலையை உறுதிசெய்துகொள்ளுங்கள். 2024 முதல் ஒவ்வொரு பிரயாணியும் மின்னணு வருகைப் படிவத்தைப் பிரயாணத்துக்கு முந்தின மூன்று நாட்களுக்குள் நிரப்ப வேண்டும். குழந்தைக்கும் தனிப்படிவம் வேண்டும்.

கார் ஓட்டுகிறவருக்கு இந்திய ஓட்டுநர் உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 4ஏ மூலம், பாஸ்போர்ட் நகலோடு விண்ணப்பிக்கலாம். கட்டணம் 1,000 ரூபாய். ஓர் ஆண்டு செல்லும். புறப்படும் வாரத்தில் ஓடாமல், ஒரு மாதத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள். இருவர் ஓட்டக்கூடுமானால் இருவருக்கும் வாங்கி, இருவர் பெயரையும் வாடகை ஒப்பந்தத்தில் எழுதச் செய்யுங்கள். பெயர் எழுதப்படாதவர் ஓட்டி விபத்து நேர்ந்தால் காப்பீடு கைகொடாது. அச்சகோதரி மும்பையில் தினமும் கார் ஓட்டுகிறவர்; ஆனாலும் அவருக்கும் அனுமதி வாங்கலாம் என்பது இருவருக்கும் தோன்றியிருக்கவில்லை.

6. காரும் குழந்தை இருக்கையும்

ஐந்து பேருக்கும் பெட்டிகளுக்கும் சிறிய கார் போதாது. பெரோடுவா அல்சா போன்ற ஏழு இருக்கை வண்டியை எடுத்து, பின்வரிசையை மடக்கிப் பெட்டிகளை வையுங்கள். அதன் படி உயரம் குறைவாயிருப்பதால் முழங்கால் வலியுள்ளவரும் ஏறி இறங்கலாம். ஒப்பந்தத்தில் மூன்று காரியங்களைக் கேட்டு எழுதிவாங்குங்கள்: விபத்தில் நம் கையிலிருந்து கட்டவேண்டிய தொகை எவ்வளவு, கடன் அட்டையில் நிறுத்திவைக்கப்படும் முன்பணம் எவ்வளவு, ஓரூரில் எடுத்து மற்றோரூரில் விட்டால் கூடுதல் கட்டணம் எவ்வளவு. காரைப் பெறும்போது நான்கு பக்கமும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள்.

மலேசியாவில் பின்னிருக்கையில் இருப்பவர்களுக்கும் 2009 முதல் சீட் பெல்ட் கட்டாயம். சிறுபிள்ளைகளுக்குத் தனி இருக்கை 2020 முதல் கட்டாயம். இதை அபராதத்துக்குப் பயந்து செய்ய வேண்டாம். ‘நான் மடியில் இறுகப் பிடித்துக்கொள்வேன்’ என்று நம் தாய்மார் சொல்வார்கள். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் ஓடும் கார் திடீரென்று மோதி நிற்கும்போது குழந்தையின் எடை பல மடங்காகப் பெருகி முன்னே பாய்கிறது. எந்தத் தாயின் கையும் அதைத் தாங்கி நிறுத்தாது. ஆகவே குழந்தை இருக்கையைக் காரோடு சேர்த்து முன்பதிவு செய்யுங்கள். அதில் உட்காரப் பழகும்படி வீட்டிலேயே சில நாள் விளையாட்டாய்ப் பழக்கினால் அங்கே அழுகை குறையும்.

நிறுத்திய காருக்குள் குழந்தையை ஒரு நிமிடமும் தனியே விடாதீர்கள். வெயிலில் கார் அடுப்பாகிவிடும். இன்சுலினையும் மாத்திரைகளையும் காரில் விடாமல் கைப்பையிலேயே வைத்திருங்கள்.

7. சாலையின் மொழி

சில மலாய்ச் சொற்களைப் பத்து வயது மகனுக்கு எழுதிக்கொடுத்து, அவனையே வழிகாட்டியாக்குங்கள். ‘கெலுவார்’ என்றால் வெளியேறும் வழி; ‘ஊத்தாரா’ வடக்கு; ‘செலாத்தான்’ தெற்கு; ‘அவாஸ்’ எச்சரிக்கை; ‘குராங்கான் லாஜு’ வேகத்தைக் குறை; ‘பெர்ஹெந்தி’ நில்; ‘லெஞ்சோங்கான்’ மாற்றுவழி; ‘தண்டாஸ்’ கழிப்பறை. கடைசிச் சொல்லைப் பாட்டியும் கற்றுக்கொள்வது உத்தமம்!

சுங்கச்சாவடிகளில் ரொக்கத்தை நம்பிப் போகாதீர்கள். ‘டச் அண்ட் கோ’ என்ற அட்டையில் போதிய தொகை இருக்கட்டும். பெட்ரோல் நிலையங்களில் அதை நிரப்பலாம். பெட்ரோலின் மானிய விலை 2025 செப்டம்பர் இறுதியிலிருந்து அந்நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே என்பதால், உள்ளூர் விலையைக் கேட்டுச் செலவைக் கணக்கிட வேண்டாம். பெருமழை பெய்யும்போது மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்கள் மேம்பாலங்களின் அடியில் சாலையோரமாய் ஒதுங்கி நிற்பார்கள். அவ்விடங்களை நெருங்கும்போது வேகத்தைக் குறையுங்கள். அவர்களும் ஒரு வீட்டின் பிள்ளைகளே. அவசர உதவிக்கு 999 என்ற எண்ணை எல்லாருடைய கைப்பேசியிலும் பதிந்துவையுங்கள்.

8. ஓட்டுகிறவருக்கும் அது விடுமுறை

இதை மறந்துவிடுகிறோம். எட்டு நாளும் ஸ்டீயரிங்கைப் பிடித்தவர், வீடு திரும்பும்போது விடுமுறை எடுக்காதவராகவே திரும்புகிறார். களைத்தவருடைய வாயில் கடுஞ்சொல் பிறக்கிறது. வழி தவறினால் மனைவிமேல் கோபம், குழந்தை அழுதால் பிள்ளைமேல் கோபம். பார்த்த இடங்கள் மறந்துபோகும்; அந்தச் சொற்களோ பிள்ளைகளின் நெஞ்சில் தங்கிவிடும்.

ஆகவே திருத்திய திட்டத்தில் இரண்டு ஏற்பாடுகளைச் செய்தோம். கணவனும் மனைவியும் ஒன்றரை மணிக்கொருமுறை மாறி ஓட்டுவது என்பது முதலாவது. பினாங்கிலேயே காரை ஒப்படைத்துவிட்டு, எதிர்க்கரையிலுள்ள பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூருக்கு மின்சார ரயிலில் திரும்புவது என்பது இரண்டாவது. ஏறத்தாழ நான்கு மணி நேரம் தகப்பனும் ஜன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைகளோடு வெளியே பார்க்கலாம். கூடுதல் கட்டணம் உண்டுதான். அந்தப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவு இல்லை.

முடிவில் அவர்கள் திட்டம் இப்படி அமைந்தது: கோலாலம்பூரில் இரண்டு நாள், ஈப்போவில் ஓரிரவு, கேமரன் மலையில் இரண்டு இரவு, பினாங்கில் இரண்டு இரவு, பின்பு ரயில். ஓட்டவேண்டிய தூரம் 600 கிலோமீட்டருக்குள் அடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பினாங்கில் இருக்கும்படி நாட்களை அமைத்தோம். அந்நகரில் தமிழ் ஆராதனை உண்டு. 1985இல் திறக்கப்பட்ட பினாங்குப் பாலம் 13.5 கிலோமீட்டர் நீளம். 2014இல் திறந்த இரண்டாம் பாலமோ 24 கிலோமீட்டர். கடல்மேல் பல கிலோமீட்டர் தூரம் காரில் போவதே பிள்ளைகளுக்கு ஒரு பெரிய காட்சி. 2008இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்ட ஜார்ஜ் டவுனின் பழைய தெருக்களைக் காலை வெயில் ஏறுமுன் மெதுவாய் நடந்து பார்க்கலாம்.

அந்தத் தாளை அச்சகோதரன் தன் தாயாரிடம் கொண்டுபோய்க் காட்டி, ஒவ்வொரு நாளும் எத்தனை மணி நேரம் உட்கார வேண்டும், எங்கே இறங்கலாம், எங்கே சாப்பிடலாம் என்று வாசித்திருக்கிறார். அவர் சற்றுநேரம் பேசாமலிருந்து, “மலையில் குளிருமா? என் கம்பளிச் சால்வையை எடுத்துவைக்கட்டுமா?” என்று கேட்டாராம். ஐந்து பேரும் போய்வந்தார்கள்.

அன்பானவர்களே, நீங்களும் திட்டம் போடும்போது, எத்தனை இடங்களைப் பார்ப்போம் என்று தொடங்காதீர்கள். யார் யாரை அழைத்துப்போகிறோம், அவர்கள் எவ்வளவு நேரம் உட்கார முடியும், எப்போது பசிக்கும், எப்போது தூக்கம் வரும் என்பதைத் தாளின் தலையில் எழுதுங்கள். பிறகு மாதத்தையும், மணி நேரத்தையும், வழியையும் அதற்குக் கீழே எழுதுங்கள். விடுபட்ட ஊர்களைப்பற்றிக் கவலைப்பட வேண்டாம். மலாக்கா 1511இல் போர்த்துக்கீசியர் கைப்பற்றுவதற்கு முன்பிருந்தே அங்கே இருக்கிறது. அடுத்தமுறை நீங்கள் போகும்வரைக்கும் அது காத்திருக்கும். உங்கள் தாயாரின் முழங்காலும் உங்கள் மகளின் நான்கு வயதும் காத்திருக்கமாட்டா.

உங்கள் பிரயாணங்கள் சமாதானமாய் அமைவதாக.